வாயில் நுரை தள்ளினால் எல்லாம் கோமாரியா? கால்நடைகளின் வைரஸ் நோய்கள்: கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "இதற்கு என்ன மருந்து?" என்றுதான் முடிகின்றன. ஆனால் இந்தக் கேள்வி–பதிலில் நான் எழுதியுள்ளவற்றில் பெரும்பங்கு, நோயின் பெயரை உறுதிசெய்வது எப்படி என்பதைப் பற்றியது. இந்த வைரஸ்களை நேரடியாகக் கொல்லும் ஊசி எந்த மாட்டாஸ்பத்திரியிலும் இல்லை. பெயர் தெரிந்தால்தான் மீதமுள்ள மாடுகளையும் பக்கத்துக் கொட்டிலையும் காப்பாற்ற வழி பிறக்கும்.

கலப்பினக் கறவை மாடு இரண்டு நாட்களாக எச்சில் ஒழுக நிற்கிறது, காலையும் உதறுகிறது. கோமாரி ஊசி போட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. அப்படியும் இது கோமாரியாக இருக்குமா? வாய்க்குப் படிகாரத் தண்ணீர் ஊற்றலாமா? (பாலக்கோடு)

இருக்கக்கூடும். கோமாரித் தடுப்பூசியின் பாதுகாப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கே நீடிக்கும் என்பதால் உங்கள் மாட்டுக்கு அடுத்த ஊசி போட வேண்டிய காலம் கடந்துவிட்டது. வாயில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், காம்பில் கொப்புளம் ஆகிய மூன்றும் ஒரே மாட்டில், அதுவும் ஒரே நேரத்தில் பல மாடுகளில் காணப்பட்டால் கோமாரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாயில் மட்டும் நுரை தள்ளிக் காலில் ஒன்றும் இல்லையென்றால், தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருப்பதிலிருந்து வெறிநோய் வரை வேறு பல காரணங்கள் உண்டு.

படிகாரத் தண்ணீரைச் சற்றே தள்ளிப்போடுங்கள். கோமாரி வைரஸ் அமிலத்தைத் தாங்காது. கார அமிலக் குறியீடு (pH) 6-க்குக் கீழே இறங்கினால் செயலிழந்துவிடும். மருத்துவர் சோதனைக்கான மாதிரியை எடுப்பதற்கு முன்பே வாயில் படிகாரம், வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தடவிவிட்டால், புண் இருக்கும், ஆனால் சோதனையில் வைரஸ் கிடைக்காமல் போகலாம். மாதிரி எடுத்த பிறகு படிகாரத்தால் தாராளமாக வாய் கழுவலாம். மாட்டுக்கும் அது இதமாக இருக்கும்.

எதை எடுக்க வேண்டும் என்பதை நான் கற்றது பென்னாகரம் பக்கத்து மலையோரச் சிற்றூர் ஒன்றில். பணியில் சேர்ந்த புதிதில், ஓர் எருதின் நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்தபோது, நாக்கின் மேல்தோல் நனைந்த காகிதம் போல என் கையோடு உரிந்து வந்தது. அடியில் ரத்தச் சிவப்பான தசை தெரிந்தது. அந்தத் தோல்தான் வைரஸ் நிறைந்த மாதிரி என்பதை உணராமல் அதை வீசிவிட்டு, எச்சிலை மட்டும் ஒரு வெறும் குப்பியில் பிடித்து, ஐஸ் இல்லாமல் மறுநாள் அனுப்பினேன். மாதிரி சோதனைக்கு உகந்ததல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குள் ஊரில் மேலும் பல மாடுகள் படுத்துவிட்டன. உடையாத கொப்புளத்தின் நீரும், அப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் தோலும் (ஒரு கிராம் அளவாவது) கிளிசரின் கலந்த நடுநிலைக் கரைசலில் இடப்பட்டு, ஐஸ் பெட்டியில் போக வேண்டும். இந்தியாவில் இந்த வைரஸின் ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று வகைகள் காணப்படுகின்றன. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது. எந்த வகை என்று சொல்லக்கூடியது ஆய்வகம் மட்டுமே.

புண் ஆறிய பிறகு தெரியவந்தாலும் வழி உண்டு. தடுப்பூசி மருந்தில் வைரஸின் மேலுறைப் புரதங்களே பெரும்பாலும் இருக்கும். உடலுக்குள் வைரஸ் பெருகும்போது உண்டாகும் வேறு சில புரதங்கள் நீக்கப்பட்டிருக்கும். அந்தப் புரதங்களுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால், மாட்டுக்கு நோயே வந்து போயிருக்கிறது என்று எலைசா என்னும் ரத்தச் சோதனை பிரித்துக் காட்டும். கொட்டிலின் தரையைக் கழுவ 4 சதவீத சலவை சோடாக் கரைசல் போதும். கன்றை உடனே தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள். கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் திடீரென்று விழுந்து இறப்பது உண்டு.

போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கி வந்த நான்கு வெள்ளாடுகளால் பட்டியில் இருந்த ஆடுகளுக்கும் சளியும் கழிச்சலும் வந்துவிட்டன. வாயிலும் புண் இருக்கிறது. சிலர் வாய்ப்புண் அம்மை என்கிறார்கள், சிலர் ஆட்டுக்கொல்லி என்கிறார்கள். (ஊத்தங்கரை)

புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உதட்டின் வெளி ஓரத்தில் காய்ந்த பொருக்காக, கரடுமுரடாக இருந்து, ஆட்டுக்குக் கடுங்காய்ச்சலோ கழிச்சலோ இல்லையென்றால் அது வாய்ப்புண் அம்மை. அது கையில் காயம் உள்ள மனிதருக்கும் தொற்றும். ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு ஒட்டியது போன்ற சாம்பல் படலம், கண்ணிமைகள் ஒட்டிக்கொள்ளும் பீளை, மூக்கடைக்கும் சளி, மூன்றாம் நான்காம் நாளில் நாற்றமடிக்கும் கழிச்சல் என்று வரிசையாக வந்தால் ஆட்டுக்கொல்லி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைத்தான் ஒத்திருக்கிறது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், நம் தமிழ்நாட்டில், விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த அரசூரில்தான். அந்த ஊரின் பெயரையே தாங்கிய வைரஸ் வகையிலிருந்து தடுப்பூசியும் உருவானது. அதற்கு முன்பு ஆடுகளில் இத்தகைய சாவைக் கண்டால் மாட்டு வெக்கை நோய் ஆட்டுக்குத் தொற்றிவிட்டது என்றே கருதுவது வழக்கம். இரண்டு வைரஸ்களும் நெருங்கிய உறவினம் என்பதால் அந்தக் குழப்பம் இயல்பானதுதான். வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு.

மாதிரிக்கு, காய்ச்சல் தணியாமல் இருக்கும் ஆட்டையே தேர்ந்தெடுங்கள். இறக்கும் நிலையில் உள்ளதையோ தேறி வருவதையோ அல்ல. கண், மூக்கு ஆகியவற்றிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த கசிவும், உறையாத ரத்தமும் போதும். ஆடு இறந்துவிட்டால், சூடு ஆறுவதற்குள் மண்ணீரலும் குடல் நிணநீர்க் கணுவும் எடுக்கப்பட வேண்டும். பெருங்குடலைத் திறந்தால் உட்சுவரில் வரிக்குதிரையின் வரிகளைப் போல ரத்தக் கோடுகள் தெரிவது, ஆய்வக முடிவு வருமுன்பே மருத்துவருக்கு வலுவான அடையாளம். கொல்லும் வைரஸோடு பின்தொடரும் பாக்டீரியா நுரையீரலைக் கெடுக்காமல் தடுக்க ஊசி மருந்து உதவும். அதனால் சில ஆடுகள் பிழைப்பதைப் பார்த்து, நோய் தீர்ந்தது என்று மற்ற ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. இனி வாங்கும் ஆடுகளை மூன்று வாரம் தனிப்பட்டியில் வைத்திருங்கள்.

மாட்டின் உடம்பெல்லாம் நேற்று காலை தடித்துவிட்டது. தோல் கழலை நோயா? பாலைக் குடிக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

சில மணி நேரத்தில் தடித்து, அடுத்த ஓரிரு நாளில் அமுங்கிவிட்டால் அது பூச்சிக்கடி அல்லது தீவன ஒவ்வாமை. கழலை நோயில் காய்ச்சல் முந்தும். பிறகு கெட்டியான உருண்டைகள் எழும்பும். விரலால் பிடித்துப் பார்த்தால் தோலின் முழுத் தடிமனிலும் உருண்டை ஊன்றியிருப்பது தெரியும்; தோள்பட்டைக்கு முன்னுள்ள நெறியும் (நிணநீர்க் கணு) வீங்கியிருக்கும். நாள்பட்ட உருண்டையின் நடுப்பகுதி தக்கை போலக் கழன்று குழியாகும். அந்தப் பொருக்கே சோதனைக்குச் சிறந்த மாதிரி. ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் உலர்ந்த டப்பாவில் அனுப்பினால், வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை எளிது. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். ஈ, கொசு, உண்ணி பரப்புவதால் கொட்டிலில் மாலைதோறும் புகை போடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

கன்று ஈன்று இரண்டு மாதமான மாடு திடீரென நொண்டிப் படுத்துவிட்டது. பால் காய்ச்சல் என்று கால்சியம் ஏற்றினார்கள். (காரிமங்கலம்)

ஒரு வெப்பமானி போதும். பால் காய்ச்சல் பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள் வருவது. பெயர்தான் காய்ச்சல், உடலும் காதும் சில்லிட்டிருக்கும். உடல் கொதித்து, நொண்டல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினால் அது கொசுவால் பரவும் மூன்று நாள் காய்ச்சல். விழுங்கும் திறன் குறைந்திருக்கும் அந்நேரத்தில் வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

நாட்டுக்கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிச் சாகின்றன. (அரூர்)

வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிப்பது சரியே. அறுத்துப் பார்த்து உறுதிசெய்ய நீங்கள் முயல வேண்டாம். பறவைக் காய்ச்சலும் இதே போலத் தோன்றும். கொண்டை நீலம் பாய்ந்து பல கோழிகள் ஒரே இரவில் செத்திருந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடி ஊசியும் போட வேண்டும். வெயிலில் சூடாகிவிட்ட தடுப்பு மருந்தால் பயனில்லை.

கறவை மாடு மூன்று நாட்களாக ஓயாமல் கரகரத்த குரலில் கத்துகிறது, முக்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று என் மாமனார் வாய்க்குள் கை விட்டுப் பார்த்தார். (வேப்பனப்பள்ளி)

இக்கேள்வி வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்தால் வெறிநோய் அல்ல என்று நிரூபணமாகும் வரை அது வெறிநோய்தான். நாய் கடித்ததாக நினைவில்லை என்பது ஆறுதல் அல்ல. கடித்துச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை கழித்தும் நோய் வெளிப்படும், அதற்குள் காயம் ஆறி மறந்தும் போயிருக்கும். உயிரோடு இருக்கும் மாட்டில் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லத்தக்க சோதனை கிடையாது. எச்சிலில் வைரஸ் விட்டுவிட்டு வரும் என்பதால், ஒருமுறை இல்லை என்று வந்தாலும் நம்ப இயலாது.

மாடு இறந்த பிறகு மூளையிலிருந்து எடுத்த பகுதியை ஒளிரும் எதிர்ப்பொருள் முறையில் (வைரஸில் ஒட்டி ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு) பார்ப்பதே முடிவான சோதனை. தலையை வெட்டுவதும் மூளையை எடுப்பதும் தடுப்பூசி போட்டுக்கொண்ட மருத்துவக் குழுவின் வேலை. வீட்டார் செய்யக் கூடாது. மாமனார் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவும் கூடாது. கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசித் தொடரை ஆரம்பிக்க வேண்டும். விரலில் கீறல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அதற்குரிய எதிர்ப்புரதமும் (இம்யூனோகுளோபுலின்) போடுவார். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மாட்டை நீளக் கயிற்றில் தனியாகக் கட்டி, தண்ணீர்த் தொட்டியைத் தூர இருந்தே தள்ளி வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.