எந்தக் கேமரா வாங்கலாமுங்க?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன கேமரா, எது வாங்கலாம்? கோவில் நோம்பியும் கல்யாணமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் இருக்கும். நான் கோவையில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கேமரா பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கேமரா எப்படி மினுங்குகிறது என்பது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. மூன்று வருடம் கழித்து அது என்ன கோலத்தில் வந்து சேரும் என்பது நன்றாகத் தெரியும். பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: அண்ணா, என் போன்லயே 50 மெகாபிக்சல் இருக்குது. கடையில காட்டுன சின்ன கேமராவுல 20 தான். அதுக்கு எதுக்குங்க தனியா காசு போடணும்?

மழை பெய்யும்போது வாசலில் ஒரு தாம்பாளம் வைக்கிறீர்கள். அதில் 12 டம்ளரை அடுக்கினாலும் சரி, 50 சின்னக் கிண்ணத்தை அடுக்கினாலும் சரி, விழுகிற தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான். தாம்பாளம் பெரிதானால்தான் தண்ணீர் கூடும். கேமராவுக்குள் அந்தத் தாம்பாளம்தான் சென்சார், விழுகிற தண்ணீர்தான் வெளிச்சம். மெகாபிக்சல் என்பது கிண்ணங்களின் எண்ணிக்கை. உங்கள் 50 மெகாபிக்சல் போனே வழக்கமாக நாலு கிண்ணத்துத் தண்ணீரை ஒன்றில் ஊற்றித்தான் 12 மெகாபிக்சல் சுமாருக்குப் படம் தருகிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். விலை குறைந்த சின்ன கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் 1/2.3 அங்குலச் சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். இன்றைய நல்ல போன்களின் பிரதான கேமராவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய சென்சார் இருக்கிறது. ஆக, அந்த மாதிரிக் கேமராவை வாங்கினால் வெளிச்சம் பிடிப்பதில் போனைவிடக் கீழே இறங்குகிறீர்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அடுத்த படி, ஒரு அங்குலச் சென்சார். பெயர்தான் ஒரு அங்குலம், எந்தப் பக்கம் அளந்தாலும் அங்குலம் வராது; பழைய டிவி கேமராக் குழாய்களின் விட்டக் கணக்கில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உண்மையான அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர், அதாவது சுமார் 116 சதுர மில்லிமீட்டர். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100, 2014-இல் வந்த கேனான் ஜி7எக்ஸ், இவற்றின் பின்னால் வந்த தம்பிகள் எல்லாம் இந்த வகை. இதற்கும் மேலே ரிக்கோ ஜிஆர், ஃபியூஜி எக்ஸ்100 போன்றவை. பரப்பு 370 சதுர மில்லிமீட்டருக்குப் பக்கம், ஆனால் ஜூம் கிடையாது, விலையும் எட்டாத உயரம்.

என் கருத்து: ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்குவதாக இருந்தால் போனே போதும். அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். ஜூம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஈரோடு, மளிகைக் கடைக்காரர்: நோம்பியில கம்பத்தாட்டம் எடுத்தா எல்லாப் படமும் ஆடிப்போச்சுங்க. ஆளுங்க முகமே தெரியல. ஒரு அங்குலக் கேமராதான் வச்சிருக்கேன், செகண்ட்ஸ்ல வாங்குன முதல் ஆர்எக்ஸ்100.

கேமரா நல்ல கேமராதானுங்க. கோவில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களை நீங்கள் ஓரமாக நின்று ஜூம் பண்ணி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த லென்ஸின் நெற்றியில் 1.8-4.9 என்று எழுதியிருக்கும். ஜூம் போடாமல் இருக்கும்போது 1.8, முழு ஜூமில் 4.9. எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது. முழு ஜூமுக்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. பகலில் தெரியாது. பெரிய மாரியம்மன் கோவில் வாசலில் ராத்திரி பத்து மணிக்கு, சீரியல் லைட்டும் கம்பத்து நெருப்பும் மட்டும் இருக்கும் இடத்தில், ஏழில் ஒரு பங்கு என்றால் ஒன்றும் மிஞ்சாது. கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும், ஆடுகிறவர் அதற்குள் அரைச் சுற்று சுற்றிவிடுவார். ஜி7எக்ஸின் லென்ஸ் 1.8-2.8. அதில் இழப்பு பாதிக்குச் சற்று மேல்தான். அதனால்தான் நோம்பி, கல்யாண மண்டபம் என்று ராத்திரிப் படம் எடுப்பவர்களுக்கு அதைச் சொல்வேன்.

இருக்கிற கேமராவிலேயே சரிசெய்ய வழி உண்டு. ஜூமை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து வட்டத்தின் ஓரத்துக்கே போங்கள். மேலே உள்ள சக்கரத்தை எஸ் என்ற எழுத்துக்குத் திருப்பி ஷட்டரை 1/250 நொடிக்கு வையுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு, தானாக இருக்கட்டும், உச்சவரம்பு 3200. படத்தில் மணல் தூவின மாதிரி கொஞ்சம் புள்ளி வரும், வரட்டும். ஆடியவர் முகம் தெரிந்தால் அவர் வீட்டார் புள்ளியை எண்ண மாட்டார்கள்.

இன்னொன்று: பறையின் அடியைக் கேளுங்கள். ஆடுகிறவர்கள் திசை மாறும் இடத்தில் ஒரு கணம் உடம்பு நிற்கும். அந்த அடிக்கு முன்பே விரல் தயாராக இருந்தால் 1/125 கூடப் போதும். கம்பத்தின் மேலே இருக்கும் நெருப்பு வெள்ளைத் திட்டாக வந்தால், பிளஸ் மைனஸ் போட்ட அளவை மைனஸ் 1-க்கு இறக்குங்கள். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சம் ஏற்றியிருக்கும். ஃபிளாஷ் போட வேண்டாம். நெருப்பின் நிறமே செத்துப்போகும், ரொம்பத் தூரத்துக்கு அது உருப்படியாகப் போகவும் போகாது.

நோம்பி முடிவில் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற மஞ்சள் நீராட்டு அன்றைக்கு இந்தக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ப்ளீஸ். மஞ்சள் தண்ணீர் இறங்கிய கேமராவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காட்சியைச் சொல்லி மாளாது. அன்றைக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒலிம்பஸ் டஃப் டிஜி வரிசை இருக்கிறது, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். சென்சார் சின்னதுதான், ஆனால் பகல் வெயிலில் அது பெரிய குறையில்லை.

கரூர்: பில் இல்லாம வாங்கினா 4,000 ரூபாய் கம்மின்னு சொல்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம். நம் நாட்டு வாரண்டி அதற்கு வராது. லென்ஸ் ஒருமுறை சிக்கினாலே அந்த 4,000 போய்விடும்.

கோவை, கல்லூரி மாணவி: பழைய டிஜிகேம்ல எடுத்த படம் எல்லாம் ஒரு மாதிரி அழகா இருக்கு. சிசிடி சென்சார் தான் காரணம்னு சொல்றாங்க. 2008 மாடல் ஒண்ணு 9,000 ரூபாய்க்கு வருது. வாங்கட்டுமா அண்ணா?

அம்மணி, முதலில் சித்தி வீட்டு பீரோவில் தேடிப் பாருங்கள். வளையல் பெட்டிக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவே அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இவற்றை வாங்காத வீடு குறைவு, தூக்கிப் போட்ட வீடும் குறைவு.

சிசிடி என்பது அந்தக் காலத்துச் சென்சார் வகை, அதில் மந்திரம் ஒன்றுமில்லை. முகத்துக்கு நேரே அடிக்கும் ஃபிளாஷ், வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரத் தாங்காத சின்னச் சென்சார், கேமராவே கொஞ்சம் தாராளமாக ஏற்றிவிடும் நிறம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்த அழகு. போன் எல்லா நிழலையும் துடைத்து முகத்தை மெழுகாக்கிவிடுவதால் இது நமக்குப் புதிதாகத் தெரிகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. 9,000 கொடுப்பதில்தான் எனக்குத் தயக்கம்.

வாங்குவதானால் பகலில் போங்கள், சொந்தமாக ஒரு கார்டு எடுத்துக்கொண்டு போங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அந்த வயதுக் கேமராக்கள் பலவும் ஏற்காது. பழசாக ஆக 2 ஜிபிதான் பாதுகாப்பு. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு, பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக். இவை இப்போது தேடிப் பிடிக்க வேண்டிய சாமான், கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். எஸ்டி கார்டு போடுகிற மாடலாகப் பாருங்கள்.

கேமராவைப் பத்து தடவை ஆன் ஆஃப் பண்ணுங்கள். லென்ஸ் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழு ஜூமில் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. பேட்டரி உப்பியிருக்கிறதா, மூடியின் கொக்கி முழுதாக இருக்கிறதா, சார்ஜர் கூட வருகிறதா, பாருங்கள். 2002 முதல் 2004 வரையிலான மாடல் என்றால் இன்னும் உஷார். அந்தக் காலச் சிசிடிகள் சிலவற்றில் வெப்பத்திலும் ஈரத்திலும் உள்கம்பி இணைப்பு விட்டுப்போய்ப் படமே ஊதாக் கோடாக வந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் அதை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தந்தன. இப்போது கொண்டுபோனால் யாரும் தர மாட்டார்கள்.

பென்சில் செல் போடுகிற மாடல் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் பெட்டிக்கடைச் சாதாரண செல் நாலைந்து படத்திலேயே படுத்துவிடும். சார்ஜ் ஏற்றுகிற செல் வாங்குங்கள்.

பல்லடம், தறி வைத்திருப்பவர்: லென்ஸ் பாதி வெளியே வந்து நிக்குது. கேமரா வாங்கி ஒரு வருசம்கூட ஆகலீங்க.

தறி ஓடுகிற கொட்டகைக்குள் எடுத்துப் போனீர்களா? பஞ்சுதான். இந்தச் சின்னக் கேமராக்களின் லென்ஸ் துருத்தி மாதிரி; வெளியே வரும்போது காற்றை இழுக்கும், காற்றோடு பஞ்சையும் இழுக்கும். பல் சக்கரம் ஒவ்வொன்றும் அரிசி அளவுதான் இருக்கும், ஒரு நூல் சுற்றினாலே போதும். கையால் இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இனிமேல் கொட்டகைக்குள் போனை மட்டும் எடுத்துப் போங்கள், அதில் வெளியே வருகிற லென்ஸ் கிடையாது.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நானும் இதில் மாட்டியவன்தான். ஒரு சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். துண்டுக்குள் கையை விட்டு விரலாலேயே காங்கயம் காளைக்கு விலை பேசுவார்களே, அதைப் படம் எடுக்க ஆசை. நல்ல ஜோடியாக இரண்டு பேர் துண்டைப் போட்டு நின்றார்கள். பைக்குள் கையை விட்டால் கேமரா தானாக ஆன் ஆகி, லென்ஸ் சாவிக்கொத்தில் முட்டி, பல் சக்கரம் உடைந்து கிடக்கிறது. அன்றிலிருந்து கேமராவைத் தனி உறையில் போடாமல் பையில் போடுவதில்லை.

கோபி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பேரன் பேத்திகளைத் தோட்டத்தில் படம் எடுக்க வேண்டும். வெயிலில் போனின் திரையே தெரிவதில்லை. எனக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்.

வியூஃபைண்டர் உள்ளது வாங்குங்கள், ஐயா. கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஜன்னலை இப்போது பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள். 2014-இல் வந்த ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல் முதல் அது மேலே எழும்பி வரும், ஜி7எக்ஸில் கிடையாது. பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைத் தள்ளி உங்கள் பார்வைக்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொண்டால் மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே பார்க்கலாம். முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறையும்.

வெள்ளை வேட்டி கட்டியவரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் முகம் கறுத்துப்போகும். கேமரா வேட்டியைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. உச்சி வெயிலில் தைரியமாக ஃபிளாஷ் போடுங்கள். இரண்டு மீட்டருக்குள் நின்றால் கண்ணுக்குக் கீழே விழும் நிழல் போய்விடும். குழந்தைகள் ஓடிக்கொண்டே இருந்தால் அவர்கள் வரப்போகிற இடத்தைப் பார்த்துப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருங்கள், ஃபோகஸ் முன்கூட்டியே முடிந்திருக்கும்.

வால்பாறை: லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையா இருக்குது.

பூசணம். உங்கள் ஊர் மழைக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு அங்குலக் கேமராவில் அதைத் துடைப்பது லென்ஸையே கழற்றுகிற வேலை, பெரும்பாலும் கட்டுபடியாகாது. அடுத்த கேமராவைத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவு இன்னொரு தொல்லை. வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

அவிநாசி: நஞ்சராயன் குளத்துல பறவை எடுக்கணும். பையில போடற மாதிரி 30 மடங்கு ஜூம் கேமரா போதுங்களா?

இது என்ன பறவை என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்துக்கொள்ளப் போதும், அதுவும் காலை வெளிச்சத்தில். பையில் அடங்கவேண்டும் என்பதற்காகவே அதில் சின்னச் சென்சார் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணி நாரை எல்லாம் அதற்கு ஆகாது. பறவைதான் முக்கியம் என்றால் பை ஆசையை விட்டுவிட்டு நிக்கான் பி950 மாதிரி பெரிய உடம்புக் கேமராவைப் பாருங்கள். 83 மடங்கு ஜூம், சுமார் ஒரு கிலோ எடை.

பொள்ளாச்சி: 12 மெகாபிக்சல் படத்தைப் பெருசா பிரேம் போட முடியுமா? ஸ்டுடியோவுல போட்டதுல மங்கலா வந்துச்சு.

முடியும். 4×6 பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சலே தாராளம். 12×18 போட்டுச் சுவரில் மாட்டினால் 9 மெகாபிக்சல் போதும். நீங்கள் ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கார்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது அதைத் திரும்ப வாங்கினோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் மேசை டிராயரில் யாருடையது என்று தெரியாத கார்டுகள் இன்னும் ஏழு கிடக்கின்றன.