ஓல்டு கோர்ஸில் எந்த ஹோலை எப்படி ஆடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள கால்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸ் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 18 ஹோல்களையும் (முதல் அடியிலிருந்து குழி வரையுள்ள பகுதி ஒரு ஹோல்) தொட்டிருக்கிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் சம இடம் தரவில்லை. 2ஆவது ஹோலுக்குச் சொல்வதும் 17ஆவது ஹோலுக்குச் சொல்வதும் ஒரே அளவில் இருந்தால் ஆடப்போகிறவருக்கு உதவாது. இங்கே வரும் தூரங்கள் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கான டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கணக்கிட்டவை. உங்கள் டீ அதற்கு முன்னால்தான் இருக்கும்.

என் ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் அளவு, குறையக் குறையத் திறன் அதிகம்) 18. முதல் முறை போகிறேன். ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது?

சந்தேகம் வந்தால் இடது பக்கம் அடியுங்கள்.

காரணம் எளிது. கோர்ஸ் ஊர் எல்லையில் தொடங்கி நேராகக் கழிமுகம் வரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி வருகிறது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, வலது பக்கம் முட்புதர் அல்லது எல்லைச் சுவர். இடது பக்கம் எதிரே வருகிறவர்களின் ஃபேர்வே, அதாவது ஒட்ட வெட்டிய புல்பாதை. பந்து அங்கே போனால் கிடைக்கும், அடுத்த அடியும் அடிக்க முடியும். 9ஆவது ஹோல் இதற்கு விலக்கு, அங்கே இடது பக்கமும் புதர். 14இல் இடது பக்கம் பங்கர்கள், அதாவது மணல் குழிகள். மற்ற இடங்களில் இந்த விதி உங்களைக் காப்பாற்றும்.

ஆனால் இடது பக்கம் பாதுகாப்பு உண்டே தவிர, கொடிக்கு நல்ல கோணம் பெரும்பாலும் கிடைக்காது. பல கிரீன்கள் (குழியும் கொடியும் உள்ள புல்தளம்) வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் வாசல் திறக்கின்றன. அதனால் டீயில் நின்றதும் கேடியிடம் (பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளர்) கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தூரம்?" அல்ல, "இன்று கொடி எங்கே?" என்பது. கொடியிலிருந்து பின்னோக்கி யோசித்து, இரண்டாவது அடியை எங்கிருந்து அடிக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு கிளப்பை (மட்டையை) எடுங்கள். 2000 ஓப்பனில் டைகர் உட்ஸ் நான்கு நாள், 72 ஹோல் ஆடி, இங்குள்ள 112 பங்கர்களில் ஒன்றில்கூட விழாமல் 19 அண்டரில், அதாவது நிர்ணயித்த அடிகளைவிட 19 குறைவாக அடித்து, ஜெயித்தார். அவருடைய பலத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த வாரம் பந்தை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான பாடமாகத்தான் தெரிகிறது.

முதல் டீயில் கை நடுங்கும் என்கிறார்களே?

நடுங்கும். பின்னால் ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கால்ஃப் கிளப்) கிளப் ஹவுஸ், வேலியோரம் நின்று பார்க்கும் ஜனம். ஆனால் எதிரே இருப்பது கால்ஃப் உலகின் மிக அகலமான ஃபேர்வேக்களில் ஒன்று. 1ஆவதும் 18ஆவதும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவில் ஒரு பங்கர்கூடக் கிடையாது.

ஆபத்து கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடையில் இருக்கிறது. மொத்தம் 376 யார்டுதான் என்பதால் டிரைவர் என்ற நீண்ட தூரக் கிளப்பால் ஓங்கி அடித்து ஓடைக்குப் பக்கத்தில் போய் நிற்பதில் லாபமில்லை. நீங்கள் நிச்சயமாக நேராக அடிக்கும் கிளப்பை எடுங்கள், இடப்பக்கம் குறி வையுங்கள். இரண்டாவது அடிக்கு நினைத்ததைவிட ஒரு கிளப் கூடுதலாக எடுங்கள். கொடி முன்னால் இருக்கும் நாளில் ஓடை அதிலிருந்து சில அடி தூரம்தான். அன்று கொடியைப் பார்க்கவே வேண்டாம், கிரீனின் நடுவுக்கோ பின்பாதிக்கோ அடியுங்கள். தாண்டிப் போன பந்தை பட்டரால் (பந்தைத் தரையில் உருட்டும் கிளப்) திரும்பக் கொண்டுவரலாம். ஓடையில் விழுந்த பந்துக்கு ஒரு அடி அபராதம்.

2 முதல் 6 வரை எந்த ஹோலும் மனதில் பதியவில்லை. எல்லாம் ஒரே மேடு பள்ளமாகத் தெரிந்தது.

முதல் முறை ஆடுகிற எல்லோருக்கும் அப்படித்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். 2இல் இடது பக்கம் இருக்கும் சீப்ஸ் பங்கரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், திரும்பி வரும்போது 17இலும் அதே பங்கர் குறுக்கிடும். 3இல் கிரீனின் இடது முகப்பை கார்ட்கேட் பங்கர் அடைத்துக்கொண்டிருப்பதால், வலது பக்கத்திலிருந்து வந்தால் பந்தை உருட்டியே விடலாம். 4இன் பெயர் 'ஜிஞ்சர் பியர்', ஒரு காலத்தில் அங்கே அந்தப் பானம் விற்ற கடை இருந்தது. அதில் கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. அதை ஒட்டி நிறுத்தப் பார்க்காமல் முழுசாகத் தாண்டி விடுங்கள்.

5 பார் 5 (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல்), 568 யார்டு. வலது பக்கம் 'ஏழு சகோதரிகள்' என்று ஏழு பங்கர்கள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றுக்கு இடது பக்கமாகப் போங்கள். கிரீனுக்கு முன்னால் இரண்டு பங்கர்களும், அதன் பின் ஒரு ஆழமான பள்ளமும் உண்டு. பள்ளம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கொடி பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். கண்ணை நம்பாமல் யார்டு கணக்கை நம்புங்கள். 6இல் டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது, கேடி காட்டும் குறிதான் துணை.

இரண்டு கொடி உள்ள கிரீனில் தவறான கொடிக்கு அடித்துவிட்டேன். இதை எப்படித் தவிர்ப்பது?

14 ஹோல்கள் இரண்டிரண்டாக ஏழு கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2ம் 16ம், 3ம் 15ம், 5ம் 13ம் என்று. 1, 9, 17, 18 ஆகியவற்றுக்கு மட்டும் தனிக் கிரீன். இந்த இரட்டைக் கிரீன்களில் போகும் பாதைக்கு வெள்ளைக் கொடி, வரும் பாதைக்குச் சிவப்புக் கொடி.

போவதற்கு முன் ஒரு வாரமாவது நீண்ட பட் (பட்டரால் உருட்டும் அடி) பயிற்சி செய்யுங்கள். 30, 40 அடி தூரம் போதாது, 80 அடி, 100 அடி. நம் ஊரில் சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தூக்கி அடிப்பது) பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். கிரீனுக்கு 20 யார்டு வெளியிலிருந்தும் பட்டரையே எடுங்கள். தரை இறுகி இருக்கும், புல் ஒட்ட வெட்டியிருக்கும். அங்கே உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜைவிடச் சுமாரான பட் கொடிக்கு அருகில் போகும்.

ஸ்கோரைக் குறைக்க எந்த ஹோல்கள் வாய்ப்பு?

7 முதல் 12 வரை. இங்கேதான் கோர்ஸ் வளைந்து திரும்புகிறது. 7இன் பாதையும் 11இன் பாதையும் ஒன்றையொன்று வெட்டும், அதனால் இருபுறமும் பார்த்து அடியுங்கள். 8 பார் 3, முன்னால் உள்ள பங்கரைத் தாண்டினால் போதும். 9, 352 யார்டு, சமதளம். ஃபேர்வேயின் நடுவே உள்ள பங்கர்களைத் தவிர்த்தால் கிரீன் வரை உருட்டலாம். 10ஆவது ஹோலுக்கு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் பெயர், அதுவும் எட்டக்கூடியதே.

ஆனால் நடுவில் 11 இருக்கிறது. 174 யார்டு பார் 3. முன்பக்கம் வலதில் ஸ்ட்ராத் பங்கர், இடதில் ஹில் பங்கர். பின்னால் ஈடன் கழிமுகம், அங்கிருந்து காற்று. கிரீன் பின்னிருந்து முன்னாகச் செங்குத்தாகச் சரிகிறது. கொடிக்கு மேலே நின்றால் மெல்லத் தொட்ட பட்கூட கிரீனை விட்டு ஓடிவிடும். இங்கே கிரீனுக்குச் சற்றுக் குறைவாக, நடுவில் பந்தை நிறுத்துவது தோல்வியல்ல. அங்கிருந்து மேல்நோக்கி ஒரு பட், பிறகு இன்னொன்று. 3 வரலாம், 4க்கு மேல் போகாது.

1921 ஓப்பனின் மூன்றாவது சுற்றில் பாபி ஜோன்ஸ் இந்த ஹில் பங்கரில் சிக்கி, வெறுத்துப்போய் ஆட்டத்தையே பாதியில் விட்டார். அப்போது அவருக்கு 19 வயது. பிறகு இந்தத் தரையைப் படித்துக்கொண்டு திரும்பி வந்தார். 1927இல் இங்கே ஓப்பன், 1930இல் அமெச்சூர் பட்டம். 1958இல் ஊரே அவருக்கு நகர உரிமை கொடுத்துக் கௌரவித்தது. 10ஆவது ஹோலை முடித்து 11இன் டீக்கு நடக்கும்போது இதை நினைக்காமல் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

12இல் நல்ல டிரைவ் அடித்தேன். பந்து பங்கரில் கிடந்தது. டீயிலிருந்து எந்தப் பங்கரும் தெரியவில்லையே?

தெரியாது. இந்தக் கோர்ஸ் முதலில் இன்றைய திசைக்கு எதிர்த் திசையில்தான் ஆடப்பட்டது. அந்தக் காலத்தில் கோர்ஸைப் பராமரித்த ஓல்டு டாம் மாரிஸ் 1ஆவது கிரீனைத் தனியாக அமைத்த பிறகு இரண்டு திசையிலும் ஆட வழி பிறந்து, கடைசியில் இன்றைய திசை நிலைத்துவிட்டது. பங்கர்கள் இடம் மாறவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வாய் திறந்து நிற்கும் பங்கர், உங்களுக்கு அதன் முதுகை மட்டும் காட்டுகிறது. 348 யார்டுதான் என்பதால், முதல் பங்கருக்கு முன்பே நிற்கிற மாதிரி ஐயனால் (டிரைவரைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் கிளப்) அடித்து, முழு வெட்ஜால் கிரீனுக்குப் போங்கள். கிரீனின் மேல்தட்டு மிகவும் ஒடுக்கம், தூரம் சரியாக இருக்க வேண்டும்.

பங்கரிலிருந்து வெளியே வரவே மூன்று அடி ஆயிற்று. என்ன தவறு செய்தேன்?

பெரும்பாலும் கொடியைப் பார்த்து அடித்திருப்பீர்கள். இங்கே பங்கரின் முகப்பு, புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவர். சரிவாக ஏறும் மணலுக்குப் பழகியவருக்கு இது புரிய நேரமாகும். பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் பக்கவாட்டிலோ, வந்த வழியிலோ வெளியே எடுங்கள். ஒரு அடி போகும், அத்துடன் முடிந்தது. 1995 ஓப்பனில் ஜாக் நிக்லாஸ் 14ஆவது ஹோலின் ஹெல் பங்கரிலிருந்து வெளியே வர நான்கு அடி எடுத்து, அந்த ஹோலை 10இல் முடித்தார். இதே கோர்ஸில் 1970, 1978 இரண்டிலும் ஓப்பன் ஜெயித்தவர் அவர்.

அந்த 14ஐ எப்படி ஆடுவது? 13, 15, 16?

14, 618 யார்டு. டீயில் வலது பக்கம் எல்லைச் சுவர், இடது பக்கம் பியர்டீஸ் என்ற நான்கு பங்கர்கள். நடுவில் எலீசியன் ஃபீல்ட்ஸ் என்ற சமதளம், அதுதான் இலக்கு. அடுத்த அடியில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். கிரீனுக்கு 100 யார்டு முன்னால் ஹெல் பங்கர் காத்திருக்கிறது. அதைத் தாண்ட முடியும் என்று நூறு சதவீதம் தெரியாவிட்டால் இடது பக்கம், 5ஆவது ஹோலின் ஃபேர்வேக்கு அடியுங்கள். ஹெல்லும் வழியில் இல்லை, மூன்றாவது அடிக்குக் கோணமும் கிடைக்கும். கிரீனின் முன்னால் மேடு, அதைத் தாண்டியதும் கிரீன் உங்களை விட்டுப் பின்பக்கமாகச் சரிகிறது. அதனால் உயரத் தூக்காமல் மேட்டில் மோதி ஏறவிடுங்கள்.

13இல் காஃபின்ஸ் பங்கர்களுக்கு எட்டாமல் நிறுத்துங்கள். 15 கொஞ்சம் மூச்சு வாங்க இடம் தரும். 16இல் 'பிரின்சிபல்ஸ் நோஸ்' என்ற மூன்று பங்கர்களுக்கும் வலப்புற எல்லைக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து ஆசை காட்டும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம், இடது பக்கம் தாராளமாக இருக்கிறது.

17ஆவது ரோடு ஹோலில் பார் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் அதைத் திட்டமாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். 495 யார்டு பார் 4. 5இல் முடித்தால் நன்றாக ஆடியிருக்கிறீர்கள்.

டீயிலிருந்து, ஹோட்டலை ஒட்டிய பச்சைக் கொட்டகைக்கு மேலே அடிக்க வேண்டும். கொட்டகைச் சுவரில் எழுதியிருக்கும் ஹோட்டல் பெயரின் எழுத்துகளையே குறியாகக் கேடி சொல்வார், உங்கள் தூரத்தைப் பார்த்து எந்த எழுத்து என்று மாற்றிச் சொல்வார். வலது பக்கம் தவறினால் எல்லைக்கு வெளியே. இடது பக்கம் போனால் பந்து இருக்கும், கோணம் இருக்காது.

கிரீன் ஒடுக்கமானது, குறுக்காகச் சாய்ந்து கிடக்கிறது. முன்னால் இடது பக்கத்தைக் குடைந்துகொண்டு ரோடு பங்கர். பின்னால் சாலை, அதற்கப்பால் கல்சுவர். சாலை கோர்ஸின் ஒரு பகுதி என்பதால் பந்து அதில் கிடந்தால் இலவசமாக எடுத்துப் போட முடியாது, கிடந்தபடியே அடிக்க வேண்டும். 1984 ஓப்பனின் கடைசி நாள் டாம் வாட்சனின் 2 ஐயன் அடி கிரீனைத் தாண்டிச் சாலையைக் கடந்து சுவரோரம் போய் நின்றது. பட்டம் செவே பயஸ்டெரோஸுக்குப் போயிற்று. 1978இல் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்தவர். அவருடைய பட் சரிவில் உருண்டு ரோடு பங்கருக்குள் விழுந்தது. அந்த ஹோலை 9இல் முடித்தார். கிரீனுக்கு வந்த பிறகும் பங்கர் பந்தை இழுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இது: இரண்டாவது அடியில் கிரீனின் வலது முன்பக்கத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். தூரம் எட்டாவிட்டால் மூன்றாவது அடியில் அங்கே வாருங்கள். பிறகு பட்டரால் மேட்டில் ஏற்றிவிடுங்கள். கொடி பங்கருக்குப் பின்னால் இருந்தால் அதை நோக்கிப் போகாமல் கிரீனின் முன்பாதியில் ஏறி நின்று, நீண்ட பட் எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் கேமரன் ஸ்மித்துக்கும் கொடிக்கும் நடுவே இதே பங்கர் நின்றது, அவர் கையில் ஓப்பன் பட்டம் ஊசலாடிக்கொண்டிருந்தது. பங்கரின் மேலே தூக்கி அடிக்காமல், அதைச் சுற்றிப் பட்டரால் உருட்டி மேலேற்றினார். அடுத்த பட்டில் பார். அந்தச் சில நிமிடங்களின் வீடியோவைப் போவதற்கு முன் பத்து முறை பாருங்கள்.

18 சுலபம்தானே?

357 யார்டு, அகன்ற ஃபேர்வே. டீயில் கவலை வலது பக்கச் சாலை மட்டும்தான். கிளப் ஹவுஸ் கடிகாரத்தைப் பார்த்து அடியுங்கள். ஆனால் கிரீனின் இடது முன்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, 'வேலி ஆஃப் சின்', பாவப் பள்ளத்தாக்கு என்று பெயர். குறைவாக விழும் பந்தெல்லாம் அதில் உருண்டு இறங்கும். கொடிக்கு அப்பால் விழும் அளவுக்கு அடியுங்கள். பள்ளத்தில் இறங்கிவிட்டால் பட்டரே கதி. 1995இல் கோஸ்டான்டினோ ரோக்கா அங்கிருந்துதான் சுமார் 65 அடி தூரப் பட்டைக் குழியில் போட்டு, ஜான் டேலியுடன் பிளே-ஆஃபுக்குப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) போனார். 1970இல் இதே கிரீனில் டக் சாண்டர்ஸ் மூன்றடி தூரத்துக்கும் குறைந்த பட்டைத் தவறவிட, மறுநாள் பிளே-ஆஃபில் நிக்லாஸ் ஜெயித்தார். கடைசிப் பட்டுக்கு முன் அவசரப்படாமல் நின்று நிதானியுங்கள்.

முன்பதிவு கிடைக்கவில்லை. நேரில் போனால் ஆட வழி உண்டா?

உண்டு. இது பொதுக் கோர்ஸ். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஹேண்டிகேப் சான்றைக் கையில் வைத்திருங்கள். ஊரில் குறைந்தது மூன்று நான்கு நாள் தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள், ஒரு நாளில் இல்லாவிட்டால் இன்னொரு நாளில் பெயர் வரலாம்.

ஓப்பன் போன்ற சில போட்டிகள் தவிர ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, அன்று கோர்ஸ் ஊர் மக்கள் உலாவும் பூங்கா. அந்த ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் அங்கே இருப்பது போல் பயணத்தை அமையுங்கள். ஸ்வில்கன் பாலத்தைத் தாண்டி, 17இலிருந்து 12 வரை பின்னோக்கி நடந்து பாருங்கள். ஆட்ட நாளில் டீயிலிருந்து தெரியாத பங்கர்கள் அப்போது ஒவ்வொன்றாக முகம் காட்டும். எது எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.