கேட்கத் தயங்கும் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளி விட்டதும் மாசி வீதியில் என்னோடு மல்லி விற்கிறாள், லீவு நாளில் காலையிலேயே வந்துவிடுவாள். ஒரு மாதமாக நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல். 'உடம்புச் சூடு, வெந்தயம் கொடு' என்கிறார் மாமியார். கொடுத்தும் நிற்கவில்லை.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: வெந்தயத்தால் கெடுதல் இல்லை. ஆனால் இது சூடு அல்ல. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்தால் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை குட்டை, அதனால் தொற்று சீக்கிரம் மேலே ஏறும். தினம் 2 லிட்டராவது தண்ணீர் குடிக்கட்டும். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கூடையை நீங்கள் பார்த்துக்கொண்டு அவளை அனுப்புங்கள். நாப்கின் நனையாவிட்டாலும் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி என்றால் நல்ல வெயிலில் காய வேண்டும். வெட்கப்பட்டுப் பாவாடைக்கு அடியில் உலர்த்துகிறோமே, அந்த ஈரம்தான் வினை. கழுவும்போது முன்னிருந்து பின்னாக, வெறும் தண்ணீரால். டெட்டால் வேண்டவே வேண்டாம்.

நிறமோ வாடையோ இல்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. தயிர்த் திப்பி மாதிரி, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. துர்நாற்றம், பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தால் வேறு தொற்று. பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கினால் எரிச்சல் அடங்கும், கிருமி சாகாது. ராஜாஜி ஆஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிச் சிறுநீரைப் பரிசோதியுங்கள். குளிர்காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

யாராவது தொந்தரவு செய்தார்களா என்றும், தனியாக இருக்கும்போது, திட்டாமல் கேளுங்கள். நடந்திருந்தால் குளிக்க வைக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சை இலவசம்; எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்பதால் போலீசுக்குத் தகவல் போகும், அதற்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 16 வயதுத் தங்கைக்கு ஒரு வியாபாரி கடனுக்குப் பூ தருகிறார். பாக்கியைச் சாக்காக வைத்துத் தனியாக வரச்சொல்கிறார். அவள் சரி என்றால் குற்றமாகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: ஆகும். 18 வயது முடியாதவரின் சம்மதம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் முன் செல்லாது. தவறான எண்ணத்தில் பேசுவதும் பின்தொடர்வதுமே குற்றம்தான். பாக்கியைப் பெரியவர்கள் போய், சாட்சி வைத்துத் தீருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. தங்கை விரும்பினால் வீட்டிலேயே சொல்லலாம்.