கணினி கேள்வி–பதில்: ஒரே நடையில் பொதிகள்

கேள்வி: வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். இங்குள்ள நான்கு பழைய கணினிகளில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. இணைய இணைப்பு இல்லை. ஜிகாம்ப்ரி என்ற சிறுவர் கல்வி மென்பொருளைப் பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தால், அது வேறொரு பொதியைக் (நிறுவுவதற்கான மென்பொருள் கோப்பை) கேட்கிறது. அதைக் கொண்டுவந்தால் இன்னொன்றைக் கேட்கிறது. மூன்று நடை போய்வந்தாயிற்று. கல்லூரி மாணவர் ஒருவர் இதற்கென எளிய கருவி எழுத முன்வந்திருக்கிறார். அதை எப்படி வடிவமைக்கச் சொல்லலாம்?
– வாசகர், சென்னை-39

பதில்: தவறு உங்களுடையது அன்று. டெபியனில் ஒரு மென்பொருள் பல சார்புப் பொதிகளை நம்பி நிற்கிறது. அவற்றுக்கும் தனித்தனிச் சார்புகள் உண்டு. இந்தச் சங்கிலியைத் தானே கண்டறியும் ஆப்ட் கருவி 1999இல் வெளியான டெபியன் 2.1இலேயே இடம்பெற்றது என்றாலும், அது வழக்கமாக இணைய இணைப்பு இருப்பதாகக் கருதியே வேலை செய்கிறது. இணைப்பற்ற கணினிகளுக்கென ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி இருக்கிறது. மாணவர் முதலில் அதைப் படிக்கட்டும். ஆனால் உங்கள் கணினியில் பொதிப் பட்டியல் (டெபியனில் கிடைக்கும் பொதிகளின் விவரம்) பழையதாக இருந்தால், அதிலும் பட்டியலுக்கு ஒரு நடை, பொதிகளுக்கு ஒரு நடை என்றாகிவிடும்.

ஆகவே உங்கள் கருவி, என்னென்ன பொதிகள் ஏற்கெனவே உள்ளன என்ற விவரத்தையும், டெபியன் பதிப்பையும், கணினி 32-பிட்டா 64-பிட்டா என்பதையும் வகுப்பறையிலேயே பென் டிரைவில் எழுதிக்கொண்டு, புதிய பட்டியலை இறக்குவதையும் சங்கிலியைக் கணக்கிடுவதையும் பிரவுசிங் சென்டரில் செய்ய வேண்டும். பழைய கணினிகளுக்கு இந்த விவரம் உயிர்நாடி: 2025இல் வந்த டெபியன் 13 முதல் 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதி இல்லை. பிரவுசிங் சென்டரில் பெரும்பாலும் விண்டோஸ்தான் இருக்கும். அங்கே எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பதால் பென் டிரைவிலிருந்தே கருவி இயங்க வேண்டும்.

இறக்கத் தொடங்குமுன் மொத்த அளவைக் காட்டி, பென் டிரைவில் இடம் போதுமா என்று சொல்லிவிட வேண்டும். இணைப்பு பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மணிக்கணக்கில் காசு கொடுப்பவரை முதலிலிருந்து தொடங்கச் சொல்வது அநியாயம். டெபியனின் மின்கையொப்பமிட்ட பட்டியலையும் பொதிகளோடு கொண்டுவந்தால், அவை வழியில் சிதையவோ மாற்றப்படவோ இல்லை என்பதை வகுப்பறையில் ஆப்ட்டே சரிபார்த்துவிடும்.

திரையில் தேடல் பெட்டி ஒன்றும் பொத்தான் ஒன்றும் போதும். பொதியின் ஆங்கிலப் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியாது. "ஓவியம்" என்று தட்டினால் டக்ஸ் பெயின்ட் வர வேண்டும். பிழை நேர்ந்தால் வெறும் எண்ணைக் காட்டாமல், என்ன ஆயிற்று, அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் தமிழில் இரண்டு வரியில் சொல்லட்டும். முதல் வடிவம் தயாரானதும் உங்கள் மாணவி ஒருத்தியை அதன்முன் உட்காரவைத்து, எழுதியவர் வாய் திறக்காமல் அருகில் இருந்து பார்க்கட்டும். அவள் தயங்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அடுத்த வடிவத்தில் முதலில் அவற்றைத் திருத்தட்டும்.