சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பலாமுங்களா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே புலம்பல்தான்: தோட்டா கிடைப்பதில்லை.

ஏனுங்க, .22 தோட்டா ரெண்டு மாசமா கடையில இல்லீங்க. அமெரிக்காவுல தட்டுப்பாடு வந்தப்போ வீட்டுலயே நிரப்பிக்கிட்டாங்களாமா. சுட்ட கூடு ஒரு டப்பா நெறைய வெச்சிருக்கேன். நாமளும் செஞ்சா என்னங்க? (பல்லடம்)

வேண்டாமுங்க. அந்த டப்பாவிலிருந்து ஒரு கூட்டை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்பு ஓரமாக நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். பொறி தரும் மருந்து அந்த விளிம்பு மடிப்புக்குள்தான் இருந்தது. ஊசி அடித்து நசுங்கிய தகடு மறுபடி பழைய நிலைக்கு வராது. அமெரிக்காவில் வீட்டில் நிரப்புவது பெரும்பாலும் அடிப்பக்கத்தின் நடுவில், பொறி மருந்துள்ள தனிக் கேப்பு வைத்த தோட்டாவை. அதற்கு அங்கே சட்டம் இடம் தருகிறது. 2020 தட்டுப்பாட்டின்போது அவர்களுக்கே கேப்பு கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா செய்யத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கிற லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறிச் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். செய்கிற கருவியும் பாகமும்கூடச் சட்டத்தின் கணக்கில் தோட்டாதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறினால் அருவங்காடு வரும். துப்பாக்கி மருந்து செய்வதற்கென்றே நூறு வருடத்துக்கு மேலாக ஓர் ஆலை நடக்கிற ஊர் அது. சமையல்கட்டுத் தராசில் முடிகிற காரியமாக இருந்தால் அந்த ஆலை எதற்கு?

அப்போ பயிற்சிக்கு என்னதான் வழி? மாவட்டப் போட்டி வருதுங்க. (ஈரோடு)

ஏர் ரைஃபிள் எடுங்கள். 10 மீட்டர், 4.5 மில்லிமீட்டர் ரவை. இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதில் கை படிந்தால் 50 மீட்டர் போட்டியின் 10.4 மில்லிமீட்டர் பத்துப் புள்ளி தாராளமாகத் தெரியும். மிச்ச நேரத்துக்குத் தோட்டா இல்லாமல் குறி பார்த்து விசை இழுத்துப் பழகலாம். ஆனால் .22-இல் சும்மா இழுத்தால் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பையே கொத்தும். அதற்கென்று விற்கிற பொய்த் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தோட்டா ஒண்ணு ‘புஸ்’ஸுன்னு போச்சு. அடுத்ததைப் போட்டுச் சுடலாமா? (திருப்பூர்)

நல்ல வேளை, கேட்டுவிட்டுச் சுடுகிறீர்கள். நான் பழக்கிய பையன் ஒருவனுக்கு இதே நடந்தது. வழக்கமான ‘பட்’ இல்லை, அட்டையில் ஓட்டையும் இல்லை. அவன் அடுத்த தோட்டாவைத் தள்ளப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். அறையைத் திறந்து காலிதான் என்று பார்த்துவிட்டுக் குழல் வழியாகக் கம்பி விட்டால் பாதியில் முட்டி நின்றது. தட்டி எடுத்தபோது ஈயக் குண்டின் மேல் குழலின் வரி அச்சு அடித்த மாதிரி பதிந்திருந்தது. அதன் பின்னால் இன்னொரு குண்டு போயிருந்தால் குழல் பிளந்திருக்கும். சத்தமே வரவில்லை என்றால் அரை நிமிஷம் குழலை இலக்குப் பக்கமே வைத்திருந்துவிட்டுத் திறங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

அப்பா தவறிட்டார். பீரோவுல அவரோட பன்னிரண்டு போர் துப்பாக்கித் தோட்டா பதினஞ்சு, பச்சை பூத்துக் கிடக்குது. (கோபி)

துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள், ஆற்றில் போடவும் வேண்டாம். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, துப்பாக்கி எல்லாவற்றையும் பற்றி முதலில் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு ஒப்படையுங்கள், ரசீது வாங்குங்கள். துப்பாக்கி உங்கள் பெயருக்கு வேண்டுமானால் தனியாக மனு போட வேண்டும். தள்ளிப்போட்டால் அவருக்கு இருந்த அனுமதி உங்கள் மேல் வழக்காக மாறும்.

காட்டுப்பன்னி மக்காச்சோளத்தை ஒரு ராத்திரியில படுக்க வெச்சிருச்சு. நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து இடிச்சா தப்புங்களா? (சத்தியமங்கலம்)

வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனாலும் தப்புத்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது வனத்துறைக்கு, தோட்டக்காரருக்கு அல்ல. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) பக்கமே போகாதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. சேதத்துக்கு நிவாரணம் கேட்டு ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுங்கள். குளம்புத் தடத்தையும் சாய்ந்த தட்டையையும் போட்டோ எடுத்த பிறகு டிராக்டரை விடுங்கள்.