ஆளைத் தெரிந்தாலும் அட்டையைக் கேளுங்கள்

தம்பி,

உங்கள் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதுகிறேன். இலங்கையின் தருமபுரத்திலிருந்து கனடாவுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஸ்காபரோவில் நம்மவர் ஒருவரின் கொன்வீனியன்ஸ் கடையில் மாலை நேரங்களில் கல்லாவில் நிற்கிறீர்கள். அங்கே பியரும் வைனும் விற்கப்படுகின்றன. தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் வயதைக் காட்டும் அட்டையைக் கேட்டு மனத்தாங்கல் உண்டாக்க வேண்டாம் என்றும், யாரும் வந்து பார்ப்பதில்லை என்றும் முதலாளி சொல்கிறார். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாத நிலையில் இதனால் உங்களுக்கு ஏதும் வருமா என்பது உங்கள் கேள்வி.

வரும். ஆனால் நீங்கள் அஞ்சும் வழியாக அல்ல, வேறு வழியாக வரும். அதை விளக்குவதற்கு முன் நம் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாளியின் பேச்சு அங்கிருந்து வந்த பேச்சுத்தான்.

நான் விசுவமடுப் பக்கத்தில் வளர்ந்தவன். மதுச் சட்டம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது மதுவரித் திணைக்களத்தின் ஜீப் வண்டி. கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் காய்ச்ச ஊறவைத்த கோடாப் பரல்களைக் காட்டுக் கரையில் கண்டுபிடித்துக் கவிழ்ப்பார்கள், ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்டப்பணம் கட்டி வந்தவர் சில நாட்களில் வேறொரு வாய்க்கால் கரையில் கசிப்புக்கு அடுப்பு மூட்டுவார். பௌர்ணமிப் போயா நாளில் மதுக் கடை பூட்டியிருக்கும், பின்பக்கத்தால் போத்தல் கூடிய விலைக்குப் போகும். அப்பாவுக்குக் கள் வாங்கத் தவறணைக்குப் போத்தலோடு போன சிறுவர்களில் நானும் ஒருவன். எனக்கு என்ன வயது என்று அங்கே எவரும் கேட்டதில்லை. ஆனாலும் எழுத்தில் பார்த்தால் இலங்கையின் சட்டம் தளர்வானது அல்ல. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. இப்போது நாம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வயது 19 தான். வயதெல்லையில் நம் நாடு இறுக்கமானது, ஆனால் அந்த எல்லையைக் காக்கும் பொறுப்பு கடையில் நிற்பவனின் கையில் ஒருபோதும் உறுதியாக வைக்கப்படவில்லை.

இங்கே அந்தப் பொறுப்பு உங்கள் கையில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மாகாணம் 1916 இலிருந்து 1927 வரை மதுவிலக்கில் இருந்தது. அது நீங்கியபோது, விற்பனையை அரசே ஏற்று நடத்த எல்.சி.பி.ஓ. என்ற நிறுவனத்தை உருவாக்கினார்கள். 1962 வரை மது வாங்க விரும்புபவர் தம் பெயரில் ஓர் அனுமதிப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். நெடுங்காலம் அது ஒரு புத்தகமாக இருந்தது; வாங்குவதெல்லாம், நம் பங்கீட்டுக் கூப்பன் மட்டையில் பதிந்ததைப் போல, அதில் பதியப்பட்டது. அந்தக் காலத்தில் கண்காணிக்கப்பட்டவர் வாங்குபவர். இன்று முதலில் கண்காணிக்கப்படுபவர் விற்பவர். 2024 செப்டெம்பர் 5 முதல் உங்கள் கடையைப் போன்ற கடைகளும் பியர், வைன் விற்கலாம் என்று ஆனபோது, மொத்த விற்பனையை எல்.சி.பி.ஓ. தன்னிடமே வைத்துக்கொண்டது. அனுமதிப்பத்திரம் கொடுப்பதும், கடைகளைச் சோதிப்பதும், தண்டிப்பதும் ஏ.ஜி.சி.ஓ. எனப்படும் மது மற்றும் சூதாட்ட ஆணைக்குழுவின் வேலை.

அதன் அதிகாரிகள் முன்னறிவித்தல் இல்லாமல் வரலாம். உங்கள் முதலாளி இன்னும் அவர்களைக் காணவில்லை என்பதற்கு, அவர்கள் வருவதில்லை என்று பொருள் இல்லை. பிழை கண்டால் எச்சரிக்கை, பணத் தண்டம், அனுமதிப்பத்திர இடைநிறுத்தம், ஈற்றில் இரத்து என்று படிப்படியாகப் போக அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் முறையிடக் கடைக்காரருக்கும் உரிமை உண்டு. அதிகாரிகளிடம் ஊரில் நடப்பதுபோல் ‘ஏதாவது பார்த்துச் செய்யலாம்’ என்ற பேச்சை எடுத்துவிடாதீர்கள். அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுக்க முயல்வதே இங்கு குற்றவியல் குற்றம். கேட்ட பத்திரத்தைக் காட்டி, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும்.

இனி, நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். 2004 இல் நான் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தேன். ஊரில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரின் பேரன் நண்பர்களோடு வந்து பியர் கேட்டான். நல்ல உயரம், மீசையும் அரும்பியிருந்தது. அவனிடம் அட்டை கேட்பது ஆசிரியரையே சந்தேகிப்பது போல எனக்குப் பட்டது, கேட்காமல் கொடுத்தேன். அன்று மாலை சோதனைக்கு வந்த அதிகாரி அவனிடம் கேட்டார். வயது 17. எனக்குத் தண்டப்பணம், உணவகத்துக்குச் சில நாள் இடைநிறுத்தம். அந்த நாட்களில் சமையலறையில் பாத்திரம் கழுவிய ஓர் அக்காவுக்கும் வேலை இல்லாமல் போனது. முத்தையன்கட்டில் இருந்த தன் தாயாருக்கு அவர் மாதாமாதம் அனுப்பும் காசு அந்த மாதம் போகவில்லை. ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கத் தொலைபேசி எடுத்தபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “நீ அட்டையைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திராது. கேட்காததுதான் குறை.”

ஆகவே, மனத்தாங்கல் வரும் என்ற பயத்தை விடுங்கள். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அட்டையைக் கேட்பது எல்.சி.பி.ஓ. கடைகளின் வழக்கம், அதையே உங்கள் வழக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை போன்றவை செல்லும்; சுகாதார அட்டையைக் காட்டும்படி நாம் கேட்கக் கூடாது. வெறியில் தள்ளாடி வருபவருக்கு, அவர் 60 வயதானவராக இருந்தாலும், விற்கக் கூடாது. இரவு 11 மணிக்குப் பின்னும் காலை 7 மணிக்கு முன்னும் விற்பனை இல்லை.

குடிவரவுக் கோப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வயது குறைந்தவருக்கு விற்பது மாகாணச் சட்ட மீறல். அது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் அன்று. அதற்காக உங்கள் கோரிக்கை தள்ளப்படும் என்று நடுங்க வேண்டியதில்லை. எனினும் வழக்கு ஏதும் வந்தால் அன்றே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். உண்மையாக உங்கள் கோரிக்கையைக் கவிழ்ப்பது வேறொன்று: குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது. 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் 10 ஆண்டு உச்சத் தண்டனை உள்ள குற்றம் ‘பாரதூரமான குற்றம்’. நீதிமன்றம் வெறும் தண்டப்பணத்தோடு விட்டாலும் இந்த வகைப்பாடு மாறாது. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கூட அதை இழக்கக்கூடும். உங்களைப் போன்றவரின் கோரிக்கை விசாரணைக்கே தகுதியற்றதாகிவிடக்கூடும். 2018 இன் அதே நாளிலிருந்து, சந்தேகம் இல்லாமலே வண்டியை மறித்து ஊதிப் பார்க்கச் சொல்லப் பொலிசாருக்கு அதிகாரம் உண்டு. ஊத மறுப்பதும் குற்றம்தான். சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று மண்டபங்களுக்குப் போகும்போது, நம் பெரியவர்கள் அன்போடு “ஒரு பெக் எடு” என்று வற்புறுத்துவார்கள். வாகனத் திறப்பு உங்கள் கையில் இருந்தால் மறுத்துவிடுங்கள்.

முதலாளியிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். “அண்ணை, இடைநிறுத்தம் வந்தால் கடைக்குத்தான் நட்டம், நான் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மது விற்பவர்களுக்கான ஸ்மார்ட் சேர்வ் என்ற பயிற்சியை முடிக்காமல் உங்களைக் கல்லாவில் நிறுத்தியிருந்தால், அதை முடிக்கும் வரை மது விற்பனையில் கை வைக்காதீர்கள். பாடமும் பரீட்சையும் இணையவழியில் உண்டு. ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன்.