ஞாயிற்றுக்கிழமை இரவில் வரும் வயிற்றுவலி

கேள்வி: எங்கள் மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, இந்த ஜனவரியில் டவுனில் இருக்கும் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்திருக்கிறான். தமிழ்ப்பள்ளியில் அவன் வகுப்பில் பதினொரு பேர்தான். இங்கே முப்பதுக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்கிறான். காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் குமட்டுகிறது. கிளினிக்கில் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்கள். வேன் போன அரை மணி நேரத்தில் எழுந்து ரொட்டியும் மைலோவும் கேட்கிறான். ஐந்து நாள் விடுப்பாகிவிட்டது. “நடிக்கிறான், இரண்டு போட்டால் சரியாகிவிடும்” என்கிறார் அவன் அப்பா. இது நடிப்புதானா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நடிப்பில்லை, சகோதரி. அச்சம் மிகும்போது நெஞ்சு படபடக்கிறது, குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து செரிமானம் தடுமாறுகிறது. வலியும் குமட்டலும் அதனால் வருகின்றன. வேன் போனதும் ஆபத்து விலகிவிட்டதாக உடல் எடுத்துக்கொள்வதால் பசியும் திரும்பிவிடுகிறது. ஆனால் வலி உண்மை என்பதற்காக அவனை வீட்டில் வைத்துக்கொண்டால், ‘போகாவிட்டால் நிம்மதி’ என்பதையே ஒவ்வொரு நாளும் அவன் கற்றுக்கொள்கிறான். விடுபட்ட பாடங்களும் சேர்ந்துகொள்வதால் ஆறாம் நாள் முதல் நாளைவிடக் கடினமாகிவிடும். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு போட்டால் பையன் வேனில் ஏறக்கூடும், ஆனால் அடுத்த முறை எங்கே வலிக்கிறது என்று அவரிடம் சொல்லமாட்டான்.

“பள்ளி ஏன் பிடிக்கவில்லை?” என்று கேட்டால் “தெரியவில்லை” என்றுதான் பதில் வரும். வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான், ஓய்வு நேரத்தில் எங்கே நிற்கிறான், தண்ணீர்ப் போத்தல் ஏன் நிறைந்தபடியே திரும்பி வருகிறது என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் சந்தித்த ஒரு பையன், நாள் முழுவதும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், போகவேண்டுமென்றால் எழுந்து நின்று “சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?” என்று மலாயில் ஆசிரியரிடம் கேட்கவேண்டும். ஆறு ஆண்டுகள் மலாய் படித்து, கட்டுரையே எழுதக்கூடிய பையன்தான் அவன். முதல் நாள் அவன் வாய் திறந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தங்கை ஆசிரியையாக நாற்காலியில் அமர, அவன் எழுந்து நின்று அந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் பத்து முறை கேட்டுப் பழகினான். போத்தல் காலியாகத் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று.

புகுமுக வகுப்பைப் பற்றி உறவினர்கள் அவன் காதுபடப் பேசுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். ‘ஒரு வருஷம் வீண்’ என்று கல்யாண வீட்டில் யாரோ சொன்னதை அவன் மறந்திருக்கமாட்டான். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் மலாய்வழிக் கல்விக்குப் பழகுவதற்காகவே அந்த ஓராண்டு இருக்கிறது. பக்கத்து மேசைச் சீனப் பையனும் அதே பயத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடும் என்று சொல்லிப் பாருங்கள்.

வகுப்பாசிரியரையும் ஆலோசனை ஆசிரியரையும் இந்த வாரமே நேரில் பாருங்கள். முழு நாளும் முடியாதென்றால், சில நாள்கள் ஓய்வு நேரம் வரை, பிறகு இன்னும் இரண்டு பாடம் என்று பள்ளியின் ஒப்புதலோடு நீட்டிக்கொண்டு போகலாம். பச்சைக் காற்சட்டையை இஸ்திரி போடுவதையும் கறுப்புக் காலணியை எடுத்து வைப்பதையும் ஞாயிறு மதியமே முடித்துவிட்டால், இரவில் பள்ளியை நினைவூட்ட வீட்டில் எதுவும் இராது. யாராவது அடித்தாலோ பணம் பறித்தாலோ இந்தப் பயிற்சிகள் பயன்படா. அதைக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொண்டு செல்லவேண்டியவர்கள் நீங்கள், அவனல்ல. விடுமுறையிலும் வலித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில வாரங்களாகியும் மாற்றமில்லையென்றால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மனநல உதவி கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐயும் அழைக்கலாம்.

கேள்வி: பேத்தி இப்போதுதான் முதலாம் ஆண்டு. பள்ளி கேட்டில் என் சேலையை விடமாட்டேன் என்கிறாள். அவள் திரும்பிப் பார்க்கும் நேரம் பார்த்து நான் நழுவி வந்துவிடுகிறேன். சரியா?
– ஒரு பாட்டி, அதே ஊர்

பதில்: நழுவாதீர்கள், அம்மா. கண்ணை எடுத்தால் பாட்டி காணாமல் போய்விடுவார் என்று தெரிந்த பிள்ளை நாளைக்குச் சேலையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். முத்தம் கொடுத்து, எப்போது வருவேன் என்று சொல்லி, அவள் அழுதாலும் ஆசிரியையின் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடுங்கள். பிரியாவிடையை நீட்டினால் அழுகையும் நீளும். நான் சிறுவனாக இருந்தபோது என் தாயார் விடியுமுன்பே ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் நடக்கும் பெயர்ப்பதிவுக்குப் போய்விடுவார். “பால் கொட்டிட்டு வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கடிகாரம் பார்க்கத் தெரியாத எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் பேத்திக்கும் மணிக்கணக்கைச் சொல்லாமல், “கடைசி மணி அடித்ததும் அந்த மரத்தடியில் நிற்பேன்” என்று சொல்லுங்கள். மழை பெய்தால் குடையோடு அதே மரத்தடியில் நில்லுங்கள்.